வீட்டுக் கழனி

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் உன்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கே வருகிறேன். நீ திருப்பி அனுப்பிய அரிசிச் சிப்பம் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. திருப்புலிவனத்திலிருந்து குரோம்பேட்டைக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வேன்காரரிடம்தான் கொடுத்தனுப்பியிருந்தேன். அவரே வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "கரெக்டா வூட்டாண்டதான் போனம்மா, உம் புள்ளதான் வாங்கல" என்றார். நான் கோணி ஊசியால் தைத்த வாய் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. வீட்டில் வைக்க இடமில்லையாம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு சிப்பத்துக்கு இடமில்லாத வீடா என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

உடனே உனக்கு ஃபோன் போட்டேன். பாப்பாவுக்கு முதல் சோறு ஊட்டுவதற்காக அனுப்பிய அரிசியடா, வீட்டுக் கழனி அரிசியடா என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. "அதனாலதாம்மா வோணாம். எம் பொண்ணுக்குன்னு தனிச் சோறு வோணாம். எல்லாரும் துன்றதையே அவளும் துன்னட்டும். கம்பெனி கேன்டீன்ல நாலு பேரோட உக்காந்து துன்னப் பழகவே எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு, அது தெரியுமா உனக்கு?" என்றாய். சோறூட்டுவது அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, வீட்டிலேயே, ரேஷன் அரிசியில், என்றாய். அவ்வளவுதான். வா என்று நீ சொல்லவில்லை. வரட்டுமா என்று கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து இந்த வீட்டில் என் சத்தத்தை நானே கேட்கவில்லை. கோழியை விரட்டும்போது மட்டும் வாயைத் திறக்கிறேன்.

நேரில் பேசினால் நான் அழுவேன், இல்லையென்றால் உன்னைத் திட்டுவேன். அதனால் எழுதுகிறேன். மருமகள் சங்கீதாவும் படிப்பாள், படிக்கட்டும். அவள் பட்டணத்தில் பிறந்த பெண், வீட்டுக் கழனி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்காகவும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் நிலம் இருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் இரண்டு பங்கு உண்டு. ஏரிக்குக் கீழே இருப்பது விற்பனைக்கு. கிணற்றை ஒட்டி இருபது சென்ட், முப்பது சென்ட் என்று ஒதுக்கி வைப்பது வீட்டுக்கு. எங்களுக்கு ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கர், கிணற்றடியில் முப்பது சென்ட். அந்த முப்பது சென்ட்டில் யூரியா போடமாட்டோம், மருந்து அடிக்கமாட்டோம். ஆட்டுக்கிடை போட்டு, தழை மிதித்து, கிச்சிலிச் சம்பா நடுவோம். ஏரிக்குக் கீழே குண்டு நெல். அதற்கு மருந்துக்கடைக்காரர் எதைச் சொல்கிறாரோ அதை அடிப்போம், கதிர் முற்றுகிற சமயத்தில் பூச்சி தெரிந்தால் அப்போதும் அடிப்போம். அந்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து யார் வீட்டு அடுப்புக்குப் போகும் என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. உன் அப்பா, "விக்கிறது வேற, துன்றது வேற" என்பார். ஊரே அப்படித்தான் சொல்லும். இதை யாரும் மறைத்துச் செய்ததில்லை. சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டு போனால்கூட, "வூட்டுக் கயினி அரிசிங்க" என்று பெருமையாகச் சொல்லித்தான் இறக்கி வைப்போம். நிலம் இல்லாதவர்களுக்கு வீட்டுக் கழனியும் இல்லை. களை பறிக்க வருகிற பெண்கள் இரண்டிலும்தான் இறங்கி வேலை செய்வார்கள். அறுப்பு முடிந்து கூலி நெல் அளக்கும்போது மட்டும் ஏரிக்குக் கீழே விளைந்ததைத்தான் அளப்போம். அவர்களும் கேட்டதில்லை, நாங்களும் கொடுத்ததில்லை.

நான் வேலை பார்த்தது எங்கே என்று சங்கீதாவுக்குத் தெரியும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். டீச்சர் இல்லை, ஆனாலும் எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள், எனக்கும் அது பிடித்திருந்தது. சமையலுக்குக் கன்னியம்மா. அவள் மகள் தேவி உன் வகுப்பு. உனக்கு மட்டும் தினமும் வீட்டிலிருந்து டிஃபன் பாக்ஸ் வரும், வீட்டுக் கழனிச் சோறு. மற்ற பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்று வாங்கி, வட்டமாக உட்கார்ந்து தின்பார்கள். உன்னை நான் ஆபீஸ் ரூமுக்குப் பின்னால் உட்கார வைப்பேன். மற்றவர்கள் உன் டப்பாவைப் பார்த்து ஏங்கக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாய். சீக்கிரம் சாப்பிட்டு முடிப்பாய். பிள்ளை அடம் பண்ணாமல் சாப்பிடுகிறான் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன், பாவி.

இனி எழுதப்போவதை உன் அப்பாவுக்குக்கூட நான் முழுதாகச் சொல்லவில்லை.

நீ நாலாவது படிக்கும்போது ஒருநாள் கடையடைப்பு. உத்திரமேரூரில் ஒரு கடை திறக்கவில்லை. விற்பதற்கென்று நாம் போட்டிருந்த தோட்டத்தில் கத்திரிக்காய் இரண்டு மூட்டை பறித்து வைத்திருந்தோம், ஏற்றிப்போக வண்டி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்குப் போடக் காயும் இல்லை. சரி, வீணாகப் போவானேன் என்று ஒரு மூட்டையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். காய்ப்புழுவுக்கு உன் அப்பா மருந்து அடித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த மருந்து டப்பாவில் கொடிய விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும். அடித்தால் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும், நான் படித்திருக்கிறேன். உப்புத் தண்ணீரில் நன்றாக அலசச் சொன்னேன். போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். போகாது என்று தெரியும், ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன். அன்று உன் டப்பாவில் எலுமிச்சை சாதம் வைத்தேன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கரண்டியோடு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் வரிசையில் நீ நிற்கிறாய். தேவியின் தட்டை இரவல் வாங்கிக்கொண்டு, சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நிற்கிறாய். கன்னியம்மா சோறு போட்டுவிட்டாள். நீ தட்டை என் பக்கம் நீட்டினாய். நான் கரண்டியாலேயே அந்தத் தட்டைத் தட்டிவிட்டேன். சோறெல்லாம் மண்ணில் விழுந்தது, உன் சட்டையில் சாம்பார் தெறித்தது. அத்தனை பிள்ளைகளும் பார்த்தார்கள். உன் கையைப் பிடித்துத் தரதரவென்று ஆபீஸ் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்தபோது கன்னியம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு துண்டு கத்திரிக்காயை எடுத்து மோந்து பார்த்தாள். அவள் எத்தனையோ தரம் மருந்து அடித்த கழனியில் களை எடுத்தவள், அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஏம்மா, உம் புள்ளைக்கு ஆவாதது எங்க புள்ளைங்களுக்கு ஆவுமா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள், பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்று. அவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அண்டாவைக் கவிழ்த்தாள். ஹெட்மாஸ்டர் ஓடி வந்தார். "கை தவறிப்போச்சு சார்" என்றாள். எல்லார் முன்னாலும் அவர் அவளைத் திட்டினார், எருமை மாடு என்றுகூடச் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று பிள்ளைகள் வெறும் சோற்றில் உப்புப் போட்டு மோர் ஊற்றித் தின்றார்கள். சாம்பாரைத் தின்று முடித்திருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு வாரம் தினமும் அவர்களுடைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய், "ஏம்மா தட்டிவிட்ட?" என்று. ஓங்கி ஒரு அறை விட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் மடியில் போட்டுக்கொண்டு, உனக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காதுடா நைனா, தின்றால் உடம்பெல்லாம் அரிக்கும், அதனால்தான் என்றேன். நீ நம்பினாய். போன தடவை உன் வீட்டுக்கு வந்தபோது நீ அதை மறந்திருப்பாய் என்று நினைத்து, எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தால் என்ன என்று கேட்டேன். "அவருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காதே அத்தை, சின்ன வயசுலேர்ந்தே" என்றாள் சங்கீதா. எனக்குக் காதை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. உனக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளும். தாராளமாகச் சாப்பிடு. ஒத்துக்கொள்ளாதது நான் சொன்ன அந்தப் பொய்தான்.

நீ கேட்கலாம், அதற்கப்புறமாவது திருந்தினாயா என்று. இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நம் தோட்டத்துக் காயைக் கொண்டுபோவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். கன்னியம்மாவிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசாமல், அவள் ரிட்டையர் ஆகும்வரை பதினோரு வருஷம் ஒரே கூரையின்கீழ் நின்று பரிமாறினேன். தட்டிவிட்ட கை எனக்குச் சொந்தமானது என்றால், தட்டிக்கேட்ட வாய் அவளுக்குச் சொந்தமானது. அதை மன்னிக்க என்னால் முடியவில்லை, பார். தப்பு செய்தவளுக்குத்தான் ரோஷம் அதிகமாக இருக்கிறது. உன் அப்பா போய் நாலு வருஷமாகிறது. இந்த நாலு வருஷமும் நான் அவர் செய்ததையே செய்தேன். ஏரிக்குக் கீழே அடிப்பதை அடித்தேன், கிணற்றடியில் விளைந்ததை உனக்கு அனுப்பினேன். முப்பது சென்ட் நெல் ஒருத்திக்கு எதற்கு? உனக்கு அனுப்பத்தான் நட்டேன். அந்தச் சிப்பத்தைத் தைக்கும் நாள்தான் இந்த வீட்டில் எனக்கு வேலை இருக்கிற மாதிரி இருக்கும்.

சரி, சிப்பம் திரும்பி வந்ததா, மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நாலாம் நாள் ஒரு ஆட்டோ பிடித்து அதை ஏற்றிக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் நான் போனது தேர்தல் சமயத்தில் வாக்காளர் சீட்டுக் கொடுக்கத்தான். அவள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லிப் பிளாஸ்டிக் சேர் போட்டாள். நான் சிப்பத்தைக் காட்டி, வீட்டுக் கழனி அரிசி, உனக்குத்தான் என்றேன். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப எதுக்கு டீச்சரம்மா? துன்ற வயசுல தேவி கீழக் கயினி அரிசி துன்னுட்டு வளந்துட்டா. அவளுக்கே ரெண்டு புள்ளைங்க. எனக்கு சக்கரை, டாக்டரு அரிசியே துன்னாதன்னு சொல்லிக்கீறாரு."

அன்றைக்கு நடந்ததற்கு மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போனேன். சொல்லவும் செய்தேன், உளறிக்கொட்டித்தான். அவள் கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "அத்த வுடும்மா" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, வுடு என்றாள், அது வேறு. கையிலிருந்த கிளையை உருவி முடித்துத்தான் நிமிர்ந்தாள். "இன்னாவோ பண்ணணும்னு வந்துட்ட. அரிசி வோணாம். உங் கயினித் தண்ணிதான் வடிஞ்சி எங் கயினிக்கு வருது. நான் மருந்து அடிக்காம வுட்டாலும் நீ அடிச்சது எனக்கு வருது. அத்த நிறுத்து, போதும்."

உனக்குத் தெரியுமா, கன்னியம்மாவுக்கு இப்போது நம் கழனிக்குக் கீழே அரை ஏக்கர் பட்டா இருக்கிறது. அந்த நிலத்துக்கு நம் வரப்பைத் தாண்டித்தான் தண்ணீர் போகிறது. அவள் அதில் மருந்து போடாமல் விளைவிக்க இரண்டு போகம் பார்த்தாளாம், நம் தண்ணீரில் அவள் கழனி நத்தையும் தவளையும் செத்து மிதந்தனவாம். நான் அதை அறியவில்லை. வரப்புக்குக் கீழே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வந்த சூட்டோடு ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பாசனச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். இந்தச் சம்பா பட்டத்திலிருந்து எல்லாரும் வீட்டுக்கு விளைவிக்கிற மாதிரியே விற்பதற்கும் விளைவிப்போம் என்றேன். கொஞ்சம் பிரசங்கமாகத்தான் பேசிவிட்டேன். சிரித்தார்கள். கஜேந்திரன் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னான், அதுதான் என்னைக் குத்தியது. "யக்கா, உனக்கு பென்சன் வருது. வெளச்சல் பாதியா போனாலும் உன் அடுப்பு எரியும். நான் குத்தகைக்குப் பயிர் வெக்கிறவன். எனக்கு வெளயலன்னா கடன் கேக்கிறவங்க வருவாங்க. சுத்தமான அரிசி வோணும்னா வாங்கித் துன்றவங்களும் கூட நிக்கணும், வெளைவிக்கிறவன் தலையில மட்டும் வெச்சா எப்டி?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. இத்தனை நாள் விஷத்தை மற்றவர்கள் தட்டில் தள்ளிவிட்ட நான், இப்போது திருந்துகிற சுமையையும் மற்றவர்கள் தோளில் தள்ளப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்துவிட்டேன்.

இந்த இடத்தில் உனக்கும் ஒன்று சொல்லவேண்டும், பெற்றவள் என்கிற உரிமையில். பாப்பாவுக்குத் தனிச் சோறு வேண்டாம் என்றாய், சரி. ஆனால் உன் தெருமுனையில் மருந்தடிக்காத காய் என்று போர்டு மாட்டிய, கண்ணாடி போட்ட கடையில் பாப்பாவுக்கு மசித்துக் கொடுக்க மட்டும் கேரட் வாங்குகிறீர்களே, அதைப் போன தடவை வந்தபோது பார்த்தேன். அதுவும் வீட்டுக் கழனிதான் மகனே, கண்ணாடி போட்ட வீட்டுக் கழனி. வாங்காதே என்று சொல்லவில்லை. அதோடு நிற்காதே என்கிறேன். உன் கம்பெனி கேன்டீனில் அத்தனை பேர் தின்கிறீர்கள். அந்த அரிசி எங்கே விளைகிறது, விளைவிப்பவனுக்கு ஒரு வருஷம் பொய்த்தால் கூட நிற்பீர்களா என்று நீ அங்கே கேட்கலாம். கஜேந்திரன் மாதிரி நாலு பேரை நான் இங்கே காட்டுகிறேன். இது நடக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். கேட்டுப் பார் என்றுதான் சொல்கிறேன்.

நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்குக் கீழே இரண்டு ஏக்கரிலும் இந்தச் சம்பாவுக்கு மருந்து இல்லை. கிச்சிலி நாற்று விட்டாகிவிட்டது. முதல் வருஷம் பாதிதான் வரும் என்கிறார்கள், வரட்டும். பென்சன் இருக்கிறவள்தான் முதலில் நஷ்டப்பட்டுப் பார்க்கவேண்டும். கிணற்றடி முப்பது சென்ட்டுக்கு இனி தனிப் பெயர் கிடையாது. அறுத்தால் எல்லா நெல்லையும் ஒரே களத்தில் கொட்டுவேன், கூலியும் அதிலிருந்துதான். கன்னியம்மா நாற்றங்காலை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒன்றும் பாராட்டவில்லை. விதை நெருக்கமாக விழுந்திருக்கிறது என்று குறை சொன்னாள்.

ஆனால் மகனே, பகலெல்லாம் கழனியில் நின்றுவிட்டு உள்ளே வந்தால், சமைக்கத் தோன்றவில்லை. எனக்கென்று ஒரு பிடி அரிசி போட்டு, அது வெந்து, அதை நான் ஒருத்தியே சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்னவேண்டும். சின்னப் பிள்ளை உன்னை அப்படித்தானே உட்கார வைத்தேன் என்று இப்போதுதான் புரிகிறது. அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே, ஒன்பது வயதில் உனக்கு எப்படி இருந்திருக்கும்? பயமாகக்கூட இருக்கிறது. நீ என்னைக் கூப்பிடாமலே பாப்பாவுக்குச் சோறூட்டி, அப்புறம் காது குத்தி, அப்புறம் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, எல்லாவற்றையும் நான் ஃபோனில் போட்டோவாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிடுவேனோ என்று.

இன்னொன்று. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பரிமாறினேன். ருசி பார்த்ததாகத் தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டேன். ஒருநாளும் ஒரு வாய் தின்றதில்லை. அந்தச் சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை உத்திரமேரூரிலிருந்து முதல் பஸ் பிடித்தால் பத்து மணிக்கெல்லாம் உன் வீட்டில் இருப்பேன். அரிசி கொண்டுவரமாட்டேன், காய் கொண்டுவரமாட்டேன், முறுக்குகூடச் சுட்டுக்கொண்டு வரமாட்டேன். பேத்திக்குச் சோறூட்டுகிற அன்றைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தாள் என்று உன் மாமியார் வீட்டில் பேசினால் பேசட்டும். நீ வா என்று ஒரு வார்த்தை சொல். வடித்த ரேஷன் அரிசிச் சோற்றில் பாப்பாவுக்கு ஊட்டியது போக, பந்தியில் நாலு பேருக்கு நடுவில் எனக்கும் ஒரு இலை போடு. சாப்பிடுகிறேன்.

உன் அம்மா